ஹேமலதாவின் ஐந்தாவது மாப்பிள்ளை

ஹேமலதா எம்.எஸ்சி. கணிதம் படித்து, பி.எட்.டும் முடித்தவள். அரியலூர் டவுனில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். சொல்லிக்கொடுத்தாள் என்பதே பெரிய வார்த்தை. காலையில் வேனில் வரும் பிள்ளைகளை எண்ணி இறக்குவாள். மத்தியானம் யு.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு டப்பா திறந்து கொடுப்பாள். மே மாத வெயிலில் ஊர் ஊராகப் போய், வீட்டு வாசலில் நின்று, "எங்க ஸ்கூல்ல சேத்து வுடுங்கம்மா" என்று நோட்டீஸ் கொடுப்பாள். இதற்கெல்லாம் நடுவில் நேரம் மிஞ்சினால் பின்னத்தைக் கூட்டக் கற்றுக்கொடுப்பாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிளஸ் டூ வகுப்பில் நின்று கணக்கு நடத்த வேண்டும். கல்லூரியில் நுண்கணிதத்தில் அவளை அடிக்க ஆளில்லை. அப்படிப்பட்டவள் நாலு வருடமாக அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டிக்கொண்டிருந்தாள். போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ புத்தகத்தைக் கொண்டுவந்து ஒரு கணக்கைக் காட்டியபோது ஒரு நிமிடம் கை நின்றுவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் இப்படியே போனால் படித்ததெல்லாம் துருப்பிடித்துப் போகும் என்று பயந்தாள். அந்தப் பள்ளியோ பத்தாம் வகுப்போடு சரி. பத்தாம் வகுப்புக் கணக்கையும் தாளாளரின் மருமகன் எடுத்தார்.

வேறு பள்ளிக்குப் போக இண்டர்வியூவுக்குப் போக வேண்டும். இண்டர்வியூவுக்குப் போக லீவு வேண்டும். லீவு தர வேண்டியவர் தாளாளர் பாலசுந்தரம். சிக்கலே அங்கேதான்.

பாலசுந்தரம் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய 'அம்மா'. ஆனால் காய்ச்சல் என்று லீவு கேட்டால் ஆயா உண்ணாமலையைக் கூப்பிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். சொந்தத்தில் சாவு என்றால் மாலை வாங்கிக் கொடுத்து இரண்டு ஆசிரியர்களைக் கூடவே அனுப்பிவைப்பார். அவருடைய நல்ல மனசு அப்படி. இண்டர்வியூ என்று மட்டும் மூச்சு விடக் கூடாது. அறிவியல் வாத்தியார் முத்துவேல் பல்வலி என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூரில் இண்டர்வியூவுக்குப் போனது எப்படியோ தெரிந்துபோயிற்று. மறுநாள் காலை பிரேயர் முடிவதற்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பாதி நடத்திய பாடம் அப்படியே போர்டில் இருந்தது.

ஹேமலதா யோசித்து யோசித்துப் பார்த்தாள். பாலசுந்தரத்துக்கு மூன்று பெண்கள். மூன்றையும் கட்டிக்கொடுப்பதற்குள் அவருக்கு நாக்குத் தள்ளிவிட்டது என்று ஊரே பேசும். அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. 2003ஆம் வருடம் ஐப்பசி மாதம், திருச்சியில் ஒரு பள்ளியிலிருந்து கடிதம் வந்த அன்று, லீவு லெட்டரில் எழுதினாள்: என்னைப் பெண் பார்க்க வருவதால் ஒரு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பாலசுந்தரம் படித்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கு எதுக்கும்மா லெட்டரு? வாயால சொன்னா பத்தாதா? நல்லபடியா போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

திருச்சியில் வேலை கிடைக்கவில்லை. 'முன் அனுபவம் பிளஸ் டூவுக்கு இல்லையே' என்றார்கள். பிளஸ் டூ வகுப்பையே கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும் என்று கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. மறுநாள் பள்ளிக்கு வந்தால் ஸ்டாஃப் ரூமே காத்துக்கொண்டிருந்தது. தமிழ் டீச்சர் ராசாத்திதான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர், மாப்ள எப்படி? செவப்பா?"

"சுமாரா இருந்தார் டீச்சர்."

"என்னா வேலை?"

ஹேமலதாவுக்கு இண்டர்வியூ நடத்திய ஆள் ஞாபகம் வந்தது. "வாத்தியார்" என்றாள்.

ஒரு வாரம் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அந்த வாத்தியாரை அனுப்பிவைத்தாள். கார்த்திகையில் செயங்கொண்டத்தில் இரண்டாவது இண்டர்வியூ. அங்கே அவர்களுக்கு வேண்டிய ஆளை ஏற்கெனவே எடுத்துவிட்டு, சும்மா பேருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மாப்பிள்ளையை ஹேமலதா துபாய்க்கு அனுப்பினாள்.

மார்கழியில்தான் நல்ல வாய்ப்பு ஒன்று வந்தது. கும்பகோணத்தில், நேரடியாக பிளஸ் டூ, ஒரு டீச்சர் பிரசவத்துக்குப் போவதால் உடனே ஆள் தேவை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஹேமலதா தலையில் அடித்துக்கொண்டாள். மார்கழியில் எவன் பெண் பார்க்க வருவான்? காய்ச்சல் என்று போய் நின்றால் உண்ணாமலை தொட்டுப் பார்ப்பாள். அந்த இண்டர்வியூ நடந்த அன்று ஹேமலதா பள்ளி வேன் பக்கத்தில் நின்று பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை இரண்டு முறை தப்பியது. தன் பொய்யே தனக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறதே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தை பிறந்ததும் துறையூர். அங்கே மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். நன்றாக எடுத்தாள் என்று அவர்களே சொன்னார்கள். பதில் போடுகிறோம் என்றார்கள், போடவில்லை. ஸ்டாஃப் ரூமிலும் அதையே சொன்னாள்: "பதில் சொல்றோம்னாங்க டீச்சர். இன்னும் சொல்லல."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ராசாத்தி டீச்சர் அவள் தட்டில் ஒரு அப்பளத்தை வைத்தாள். சயின்ஸ் டீச்சர், செவ்வாய்க்கிழமை ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்குப் போடச் சொன்னாள். அவர்களுடைய இரக்கம் ஹேமலதாவுக்கு எரிச்சலாக இருந்தது. வராத மாப்பிள்ளைக்காக அப்பளம் தின்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று யாரிடம் சொல்லுவாள்? வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்கூட இந்த இண்டர்வியூ சமாச்சாரம் எதுவும் தெரியாது.

மாசியில் நாலாவது இண்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. பெரம்பலூரில் பெரிய மேல்நிலைப் பள்ளி, மத்தியானம் மூன்று மணிக்கு இண்டர்வியூ. அரை நாள் லீவு போதும். பெரம்பலூரில் அத்தை வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள் என்று எழுதிக்கொடுத்தாள்.

அங்கேதான் தப்புச் செய்தாள். முழு நாள் லீவு போட்டிருக்க வேண்டும். பன்னிரண்டரை மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பியவளை ராசாத்தி டீச்சர் வழிமறித்தாள்.

"இப்படியேவா போறீங்க? ஏன் டீச்சர் மூணு எடம் தட்டிப்போவாது? வாங்க இங்க."

உட்காரவைத்துத் தலையைப் பிரித்துப் பின்னினாள். பியூனை அனுப்பி நாலு முழம் மல்லிகையும் இரண்டு முழம் கனகாம்பரமும் வாங்கிவரச் செய்திருந்தாள். தலை கனத்தது. தன் காதிலிருந்த ஜிமிக்கியைக் கழற்றி ஹேமலதாவுக்குப் போட்டுவிட்டாள். சயின்ஸ் டீச்சர் கண்ணுக்கு மை தீட்டினாள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

பஸ்ஸில் ஏறியதும் எல்லாவற்றையும் கழற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள். பஸ்ஸில் ஏறினால், மூன்றாவது சீட்டில் ஆயா உண்ணாமலை.

"எம்மவளுக்கு ஒடம்பு சரியில்லன்னு பெரம்பலூர் போறன் டீச்சர். வாங்க, உக்காருங்க. இந்தக் கோலத்துல ஒத்தையிலயா வுடுவாங்க உங்கள?"

ஒரு மணி நேரம் உண்ணாமலை தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடின கதையைச் சொன்னாள். பெரம்பலூரில் இறங்கியபிறகும் விடவில்லை. "அத்த வூடு வரைக்கும் கொண்டாந்து வுட்டுட்டுப் போறன்" என்று கூடவே நடந்தாள். ஹேமலதா ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு வீட்டைக் காட்டி, அதன் கேட்டைத் திறந்து உள்ளே நின்று, உண்ணாமலை தெருமுனை திரும்பும் வரை காத்திருந்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். மணி இரண்டே முக்கால். ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போய் இறங்கியபோது பேரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தலையில் என்ன இருக்கிறது என்ற நினைப்பே அவளுக்கு இல்லை.

தொகையிடலில் ஒரு கணக்கைக் கொடுத்து நடத்தச் சொன்னார்கள். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் மற்றதெல்லாம் மறந்துபோனது. துருப்பிடிக்கவில்லை, எல்லாம் அப்படியே இருந்தது. போர்டின் இடது மூலையில் தொடங்கி வலது மூலையில் விடையை எழுதி அடிக்கோடு போட்டபோது, எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார் தன்னை மறந்து தலையாட்டினார். நாலு வருடத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

நடுவில் உட்கார்ந்திருந்த பிரின்சிபால் அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்லா நடத்துறீங்க. வீட்டுல ஏதும் விசேஷமாம்மா?"

"இல்லைங்க மேடம்."

"இவ்வளவு பூ வச்சிருக்கீங்க..."

அப்போதுதான் அவள் கை தன்னால் பின்னலுக்குப் போனது. ஜிமிக்கி ஆடியது. பக்கத்திலிருந்தவர் சிரித்தார்.

"மாப்பிள்ளை பார்த்துட்டாங்களா?"

"அதெல்லாம் இல்லைங்க சார்."

"வெட்கப்படாதீங்க. நல்ல விஷயம்தானே?" பிரின்சிபால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஃபைலை மூடினார். "போன வருஷம் இப்படித்தான் ஒரு டீச்சர். ஆகஸ்ட்ல கல்யாணம், செப்டம்பர்ல சென்னைக்குப் போயிட்டாங்க. பப்ளிக் எக்ஸாம் பிள்ளைங்க நடுத்தெருவுல நின்னுச்சு. எங்களுக்கு வருஷம் முழுக்க நிக்கிற ஆள் வேணும்மா."

அவள் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப்பார்த்தாள். நாலு முழம் மல்லிகையோடு சொன்னால் யார் நம்புவார்கள்? திரும்பும் பஸ்ஸில் பூவைப் பிய்த்து ஜன்னல் வழியாக எறிந்தாள். கண்ணில் வழிந்த மை முந்தானையெல்லாம் ஒட்டியது. யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. ராசாத்தி டீச்சர் மேல் கோபப்பட முடியாது. அவள் அன்பாகத்தான் செய்தாள். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது.

பங்குனியில் ஒரு நாள் சாயங்காலம் கீழப்பழுவூர் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா வைத்திலிங்கம் கொல்லையிலிருந்து வந்து காலைக்கூடக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தார். பெஞ்சில் தரகர் அமாவாசை உட்கார்ந்திருந்தார். அம்மா கிருஷ்ணம்மாளின் முகம் அழுது வீங்கியிருந்தது.

விஷயம் இதுதான். அவளுக்குத் தெரியாமலேயே உடையார்பாளையத்தில் ஒரு வரன் பேசியிருக்கிறார்கள். பையன் பேர் செல்லதுரை, மின்வாரியத்தில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. பெண் பார்க்க வருவதற்கு முன்னால், எல்லாரும் செய்கிற மாதிரி, பையனின் பெரியப்பா காசிநாதன் பெண் வேலை செய்யும் இடத்தில் விசாரித்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்குப் போயிருக்கிறார்.

"போனவரு பொண்ணப் பத்தி நல்லாத்தான் கேட்டுக்கிட்டு வந்திருக்காரு" என்றார் அமாவாசை. "ஆனா, ஏற்கெனவே நாலு எடம் பாத்துட்டுப் போயிட்டாங்களாம். நாலும் அமையலியாம். அத நம்மகிட்ட மறச்சிட்டீங்களேன்னு கேக்குறாங்க. நாலு எடம் வேணாம்னு போயிருந்தா என்னமோ இருக்குன்னுதான நெனப்பாங்க? அவங்க வேணாம்னுட்டாங்க."

"எந்த நாலு பேருடி?" என்று அப்பா கத்தினார். "எவன் வந்தான் இந்த வாசலுக்கு? காபித் தண்ணி குடுத்தது யாரு?"

அமாவாசை போகும் வரை ஹேமலதா வாயைத் திறக்கவில்லை. அவர் போனபிறகு எல்லாவற்றையும் சொன்னாள். திருச்சி வாத்தியாரிலிருந்து பெரம்பலூர் மல்லிகை வரை சொன்னாள். சொல்லச் சொல்ல அப்பாவின் முகம் எப்படியெல்லாமோ மாறியது.

"வேலைக்குத்தான போயிட்டிருக்க? அதுக்கு மேல இன்னொரு வேலை எதுக்கு?"

"அது வேலை இல்லப்பா. ஆயா வேலை. நான் படிச்சது அதுக்கா?"

அவர் கால் கழுவப் போனார். அம்மாதான் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள்.

"படிச்ச படிப்புக்கு வேலை தேடுறது ஒண்ணும் திருட்டு இல்லடி. இன்னொரு தடவ பொண்ணு பாக்க வராங்கன்னு எழுதிக் குடுத்த, கைய ஒடச்சிப்புடுவேன். இண்டர்வியூவுக்குப் போறன்னு எழுதிக் குடு. வேலைய வுட்டுத் தூக்குனா தூக்கட்டும். களை வெட்டிக்கூடச் சோறு திங்கலாம்."

சித்திரையில் ஐந்தாவது இண்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. திருச்சியில் பெண்கள் பள்ளி, பிளஸ் டூ கணக்கு, வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. ஹேமலதா இரண்டு நாள் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். புதன்கிழமை மத்தியானம் தாளில் எழுதினாள்: திருச்சியில் நேர்முகத் தேர்வுக்குச் செல்ல இருப்பதால் வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு தருமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதிவிட்டுத் தன் மேசை டிராயரைக் காலி செய்தாள். டிபன் பாக்ஸ், குடை, சிவப்புப் பேனா எல்லாவற்றையும் பைக்குள் போட்டாள். முத்துவேலைப் போலத் துரத்தினால் திரும்பி வந்து எடுக்கும் அவமானமாவது மிச்சம்.

பாலசுந்தரம் லெட்டரைப் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமே இல்லை.

"உக்காருங்கம்மா. எதுக்கு இப்படி மாத்தி எழுதுறீங்க? நாலு தடவ சொல்லியாச்சே, அஞ்சாவது தடவ எப்படிச் சொல்றதுன்னு கூச்சமா? நமக்குள்ள என்ன கூச்சம்? உடையார்பாளையத்துலேருந்து ஒரு பெரியவர் வந்து விசாரிச்சாரே, அவங்கதான வராங்க? நான்தான் பேசுனேன். தங்கமான பொண்ணு, பாவம் நாலு எடம் வந்து தட்டிப்போச்சு, நீங்களாவது முடிச்சுக் குடுங்கன்னு கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னேன்."

அந்த மனுஷன் தான் செய்த உபகாரத்துக்கு நன்றி எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"அவங்க வரலைங்க சார். இது நெஜமாவே இண்டர்வியூதான்."

"சரிம்மா, சரிம்மா."

"சார், நெஜமாத்தாங்க."

பையிலிருந்து திருச்சிக் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அவர் பள்ளியின் பெயரைப் படித்தார், முத்திரையைப் படித்தார், தேதியைப் படித்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துபோனது.

"அப்ப அந்த நாலு பேரு?"

"அதுவும் இண்டர்வியூதாங்க சார். திருச்சி, செயங்கொண்டம், துறையூர், பெரம்பலூர்."

சொல்லிவிட்டாள். வேலையை விட்டுப் போங்கள் என்ற வார்த்தைக்காக ஹேமலதா பைப்பிடியை இறுக்கிக்கொண்டு நின்றாள். பதிலுக்குச் சொல்ல அவளிடம் நாலு வருடத்துக் கோபம் இருந்தது. யு.கே.ஜி. சாப்பாட்டு டப்பாவிலிருந்து மருமகன் வரைக்கும் வரிசையாக எடுத்துவைத்திருந்தாள்.

பாலசுந்தரம் நாற்காலியில் சாய்ந்தார்.

"நாலு எடத்துலயும் வேணாம்னுட்டாங்களாம்மா?"

அவள் திருச்சிக் கடிதத்தை எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"ம்." அவர் பேனாவைத் திறந்தார். லீவு லெட்டரின் ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மை காய ஊதினார். "போயிட்டு வாங்க. அதுவும் ஒரு ஆசைதான, பாத்துட்டு வாங்க. திங்கக்கிழமை ஏழாம் கிளாசுக்கு டெஸ்ட் இருக்கு. கொஸ்டின் பேப்பர ரெடி பண்ணிக்கிட்டே வந்துடுங்க. இத ஆபீஸ்ல குடுத்துடுங்க."

கேட்ட லீவு கிடைத்துவிட்டது. பொய் சொல்லாமல் கிடைத்துவிட்டது. வெளியே வராந்தாவில் வந்து நின்றபோதுதான் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முத்துவேல் பாதியில் விட்டுவிட்டு வேறு பள்ளிக்குப் போய்விடுவார் என்று பயந்துதான் அவரை அன்றைக்கே துரத்தினார். இவளைப் பார்த்து அந்த மனுஷனுக்கு அந்தப் பயம்கூட வரவில்லை. திங்கட்கிழமை திரும்பி வந்துவிடுவாள் என்று ஏழாம் வகுப்புக்குத் தேர்வே வைத்துவிட்டார்.

அந்தத் தாளைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்து அவர் மேசையில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும் போலிருந்தது. கிழித்தால் வெள்ளிக்கிழமை போக முடியாது. ஹேமலதா ஆபீஸ் ரூமுக்குப் போனாள். லீவு ஃபைலில் தன் பழைய லெட்டர்கள் நாலுக்கும் மேலே அதை வைத்துத் தானே கோத்தாள். மணி அடித்தது. ஆறாம் வகுப்புக்குப் போய், பின்னத்தைக் கூட்ட ஆரம்பித்தாள்.